மெலனோமா: பிராஃப் பிறழ்வு செல்லுக்குள் என்ன செய்கிறது, மருந்து ஏன் ஒரு கட்டத்தில் தோற்கிறது

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பற்றிய செய்திகளில் ‘பிராஃப் பாசிட்டிவ்’, ‘வி600ஈ’, ‘கைனேஸ் தடுப்பான்’ போன்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. கூடவே, ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும் தகவல்களும் வருகின்றன. பிராஃப் மரபணுவில் வரும் பிறழ்வைக் குறிவைக்கும் மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்குகின்றன. ஆனால் பலருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பிவிடுகிறது. ஒரு புற்றை அடக்கும் மாத்திரையே தோலில் வேறொரு புற்றைக் கிளப்புகிறது. அதே பிறழ்வு பெருங்குடல் புற்றில் இருந்தாலோ, அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எந்த மரபணு கெட்டது என்பதை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைத் தொடரின் வேலைமுறையை அந்தக் கேடு எப்படி மாற்றிவைத்தது என்று பார்க்க வேண்டும். அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## கைனேஸ் என்ன வேலை செய்கிறது?

கைனேஸ் ஒரு நொதி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுவதுதான் அதன் வேலை. செரின், திரியோனின், டைரோசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்றில் அது ஒட்டும். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது வந்து சேர்ந்ததும் அந்தப் புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. வடிவம் மாறினால் செயலும் மாறும்: சும்மா கிடந்த நொதி வேலையைத் தொடங்கலாம், வேலை செய்துகொண்டிருந்தது நின்றுபோகலாம். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற பாஸ்பட்டேஸ் என்ற வேறு நொதிகள் இருக்கின்றன.

மனித மரபணுத் தொகுப்பில் 500-க்கும் அதிகமான கைனேஸ்கள் உள்ளன. செல் எப்போது வளரவேண்டும், எப்போது பிளவுபட வேண்டும், எப்போது சாகவேண்டும் என்பதையெல்லாம் பெருமளவு இவைதான் கடத்துகின்றன. பாஸ்பேட்டின் அந்த எதிர்மின்னூட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிராஃப் பிறழ்வு செய்யும் காரியத்துக்கு அதுதான் திறவுகோல்.

## நிறமிச் செல்லுக்குள் ஓடும் தொடர்

மெலனோமா தொடங்குவது மெலனோசைட் என்ற நிறமிச் செல்லில். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உற்பத்தி செய்பவை இவைதான். இவை பிளவுபடவேண்டும் என்ற செய்தி செல்லின் வெளியிலிருந்து உட்கரு வரை இப்படிப் போகிறது:

1. வளர்ச்சிக் காரணி ஒன்று செல் சவ்வில் இருக்கும் ஏற்பியில் வந்து பொருந்துகிறது. நிறமிச் செல்லுக்கு முக்கியமான ஏற்பிகளில் ஒன்றின் பெயர் கிட். இந்த ஏற்பியே ஒரு டைரோசின் கைனேஸ்தான்.

2. ஏற்பி, ராஸ் என்ற புரதத்தைச் செயல்நிலைக்குக் கொண்டுவருகிறது. ராஸ் கைனேஸ் அல்ல. மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் மூலக்கூறைப் பிடித்திருக்கும் வரை அது செயல்படும். அவற்றில் ஒன்றை அது வெட்டிவிட்டால் இரண்டு மிஞ்சும், ராஸ் அடங்கிவிடும்.

3. செயல்நிலையில் உள்ள ராஸ், ராஃப் கைனேஸ்களைச் சவ்வருகே இழுத்து ஜோடி சேர்க்கிறது. ஏ-ராஃப், பி-ராஃப், சி-ராஃப் என்று மூன்று வகை உண்டு. பி-ராஃபைத்தான் வழக்கில் பிராஃப் என்கிறோம். இயல்பான ராஃப் தனித்து இருக்கும்போது வேலை செய்யாது. ஜோடி சேர்ந்தால்தான் செய்யும்.

4. ராஃப் ஜோடி மெக் என்ற கைனேஸின்மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது. மெக் அதேபோல எர்க் என்ற கைனேஸின்மேல் ஒட்டுகிறது.

5. எர்க் உட்கருவுக்குள் போய், செல் பிளவுக்கான மரபணுக்களை இயங்கவைக்கிறது. சைக்ளின் டி1 புரதம் பெருகுவது இதன் முக்கிய விளைவுகளில் ஒன்று.

மூன்றாவது படியில் சொன்ன ‘ஜோடி’ என்ற விஷயம் இந்தக் கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

பாடப்புத்தகப் படத்தில் இது மேலிருந்து கீழே இறங்கும் நேர்கோடாக இருக்கும். உண்மையில் கீழேயிருந்து மேலேயும் ஒரு இணைப்பு உண்டு. எர்க் அதிகமாகச் செயல்படும்போது, தன்னை அடக்கும் புரதங்களையும் அதுவே உற்பத்தி செய்யவைக்கிறது. அவற்றில் டஸ்ப்6 என்ற பாஸ்பட்டேஸ் எர்க்கின்மேல் உள்ள பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. ஸ்ப்ரௌட்டி என்ற புரதங்கள் ஏற்பிக்கும் ராஸுக்கும் இடையிலான தொடர்பைத் தளர்த்துகின்றன. இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்பார்கள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வு இதைத்தான் செய்கிறது. தண்ணீர் ஏற ஏற மிதவை மேலே போய்க் குழாயை அடைத்துவிடும். மட்டம் இறங்கினால் குழாய் தானாகத் திறக்கும். இப்போது வேறொரு குழாய் உடைந்து தொட்டிக்குள் ஓயாமல் தண்ணீர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதவை மேலேயே நிற்கும், முறையான குழாய் மூடியே கிடக்கும். யாராவது வந்து உடைந்த குழாயை மட்டும் அடைத்தால், மட்டம் இறங்கி, இத்தனை நாள் மூடிக்கிடந்த முறையான குழாய் திறந்துகொள்ளும். பிராஃப் மருந்துகள் எதிர்கொள்ளும் சிக்கலில் பெரும்பகுதி இதுதான்.

## 600-ஆவது இடத்தில் நடப்பது

2002-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பல்வேறு புற்றுசெல்களில் பிராஃப் மரபணுவை வரிசையிட்டுப் பார்த்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த மெலனோமா மாதிரிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் பிராஃப் பிறழ்ந்திருந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இது ஏறத்தாழப் பாதி என்று நிலைபெற்றது. அந்தப் பிறழ்வுகளில் மிகப் பெரும்பான்மை ஒரே இடத்தில்தான் இருந்தன.

பிராஃப் புரதத்தில் 766 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 600-ஆவது இடத்தில் இருக்கவேண்டியது வாலின். அதற்கான டிஎன்ஏ குறியீடு ஜிடிஜி. நடுவில் உள்ள தைமின் அடினினாக மாறினால் அது ஜிஏஜி ஆகிவிடும். வாலின் போய் குளுட்டமிக் அமிலம் வந்து உட்காரும். வாலினுக்கு ஓரெழுத்துக் குறி வி, குளுட்டமிக் அமிலத்துக்கு ஈ. வி600ஈ என்ற பெயர் வந்தது இப்படித்தான். ஆரம்பகாலக் கட்டுரைகளில் இதையே வி599ஈ என்று எழுதியிருப்பார்கள். மரபணுவின் தொடக்கப் பகுதியின் வரிசை திருத்தப்பட்டபோது எண் ஒன்று கூடியது, பிறழ்வு ஒன்றேதான்.

இந்த ஓர் அமினோ அமிலம் மாறினால் ஏன் இத்தனை பெரிய விளைவு? இயல்பான பிராஃப் செயல்படாமல் இருக்கும்போது, வாலின் அருகில் உள்ள நீர்வெறுக்கும் பகுதிகளோடு ஒட்டிக்கொண்டு கைனேஸின் செயல்பகுதியை மடங்கிய நிலையில் பிடித்துவைத்திருக்கிறது. கைனேஸ் இயங்கவேண்டிய நேரத்தில் 599-ஆவது திரியோனின்மேலும் 602-ஆவது செரின்மேலும் பாஸ்பேட் ஏறும். அந்த எதிர்மின்னூட்டம் பிடியைத் தளர்த்தி மடிப்பை விரிக்கும். இப்போது வி600ஈ-யைப் பாருங்கள். குளுட்டமிக் அமிலத்துக்கு இயல்பிலேயே எதிர்மின்னூட்டம் உண்டு. அது உட்கார்ந்திருப்பதோ அந்த இரண்டு பாஸ்பேட் இடங்களுக்கு நடுவில். யாரும் பாஸ்பேட் ஒட்டாமலேயே, ஒட்டியதுபோன்ற நிலை எந்நேரமும் நீடிக்கிறது.

வி600ஈ பிராஃபின் கைனேஸ் வேகம் இயல்பான பிராஃபின் அடிப்படை வேகத்தைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு என்று 2004-இல் அளந்தார்கள். ஆனால் வேகத்தைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. வி600ஈ பிராஃபுக்கு ராஸும் தேவையில்லை, ஜோடியும் தேவையில்லை. தனித்து இருந்தபடியே மெக்கின்மேல் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அதன் விளைவாக எர்க் ஓயாமல் இயங்குகிறது. பின்னூட்டப் புரதங்கள் குவிகின்றன. ராஸ் அடங்கிக் கிடக்கிறது. ராஸ் அடங்கியிருப்பதால் அந்தச் செல்லில் ராஃப் ஜோடிகளும் குறைவு. தனித்து இயங்கும் வி600ஈ-தான் அங்கே ஆட்சி செய்கிறது. இந்த நிலைமைதான் பின்னால் மருந்துக்கு வாய்ப்பாக அமைந்தது.

வெயிலின் பங்கு பற்றி ஒரு வார்த்தை. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் விட்டுச்செல்லும் வழக்கமான தழும்பு, சைட்டோசின் தைமினாக மாறுவது. மெலனோமா செல்களில் அத்தகைய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் வி600ஈ-யில் நடப்பது தைமின் அடினினாக மாறுவது. அது அந்த வழக்கமான வகையைச் சேர்ந்ததல்ல. வெயிலுக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நோயைத் தொடக்கிவைக்கும் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் அந்த எளிய கணக்கால் விளக்க முடியாது, அவ்வளவுதான்.

## அப்படியானால் மச்சமெல்லாம் ஏன் புற்றாவதில்லை?

2003-இல் சாதாரண மச்சங்களைச் சோதித்தபோது, ஐந்தில் ஏறத்தாழ நான்கில் பிராஃப் பிறழ்வு இருந்தது. எந்தத் தீங்கும் செய்யாமல் உடம்பில் பல்லாண்டுகளாக இருக்கும் மச்சங்களின் கதை இது.

பிறழ்வு வந்ததும் நிறமிச் செல் கொஞ்ச காலம் வேகமாகப் பெருகுகிறது. பிறகு அளவுமீறிய சமிக்ஞையை உணர்ந்து பிளவை நிறுத்திக்கொள்கிறது. செல் சாவதில்லை, ஆனால் மேற்கொண்டு பெருகுவதும் இல்லை. இந்த முடக்கத்தில் பி16 என்ற புரதத்துக்குப் பங்குண்டு. மெலனோமா ஆக வேண்டுமானால் இந்தத் தடைகள் உடையவேண்டும். டெர்ட் மரபணுவின் தூண்டிப் பகுதியில் பிறழ்வு வந்தால், ஒவ்வொரு பிளவிலும் குரோமோசோம் முனைகள் தேய்வதால் வரும் வரம்பு விலகும். பி16-ஐத் தரும் சிடிகேஎன்2ஏ மரபணு அழிந்தால் பிளவுக்கு இருந்த முட்டுக்கட்டை போகும். பிடென் மரபணு அழிந்தால் ஏகேடி என்ற இன்னொரு கைனேஸின் தொடர் கட்டுப்பாடில்லாமல் ஓடி, செல் சாகாமல் காக்கும்.

ஆகவே வி600ஈ தனியாகப் புற்றை உண்டாக்குவதில்லை. அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ‘இதுதான் காரணம்’ என்று சொல்வது பாதி உண்மைதான்.

## பிராஃப் பிறழாத மெலனோமாக்கள்

2015-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம், 300-க்கும் மேற்பட்ட தோல் மெலனோமாக்களை ஆராய்ந்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. பிராஃப் பிறழ்ந்தவை முதல் வகை. மற்றவை:

1. ராஸ் பிறழ்ந்தவை. பெரும்பாலும் என்-ராஸ் மரபணுவின் 61-ஆவது இடம். மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டும் வேலைக்குத் தேவையான குளுட்டமின் அங்கேதான் இருக்கிறது. அது மாறினால் ராஸால் தன்னை அடக்கிக்கொள்ள முடியாது. இங்கே சமிக்ஞை ராஃப் ஜோடிகள் வழியாகத்தான் போகிறது.

2. என்எஃப்1 இழந்தவை. ராஸ் தன் பாஸ்பேட்டை வேகமாக வெட்ட உதவும் புரதத்தை என்எஃப்1 மரபணு தருகிறது. அது போய்விட்டால் ராஸ் நெடுநேரம் செயல்நிலையில் இருக்கும்.

3. இந்த மூன்றும் இல்லாதவை. கிட் ஏற்பியில் மாற்றம் உள்ள மெலனோமாக்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் வரும்.

பிராஃப் வி600ஈ-யும் என்-ராஸ் பிறழ்வும் சிகிச்சைக்கு முன் ஒரே செல்லில் சேர்ந்திருப்பது அரிது. ஒரே தொடரை இரண்டு இடத்தில் தூண்டுவதால் செல்லுக்குக் கூடுதல் லாபம் இல்லை. கண்ணுக்குள் வரும் மெலனோமாவோ வேறு ரகம். அதில் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணு மாறியிருக்கும். சமிக்ஞை புரத கைனேஸ் சி வழியாகச் சுற்றிக்கொண்டு எர்க்கை வந்தடையும். ‘மெலனோமா’ என்று ஒரே பெயர் சொன்னாலும், உள்ளே கெட்டுப்போன இடம் ஒன்றல்ல.

## தனித்த பிராஃபைக் குறிவைத்த மருந்து

பிராஃபைக் குறிவைத்த முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. ராஃப் தடுப்பானாக உருவாக்கப்பட்ட சோராஃபெனிப் சிறுநீரகப் புற்றுக்கு அனுமதி பெற்றது, மெலனோமாவில் பயன்தரவில்லை. பல கைனேஸ்களைத் தொடும் மருந்து அது. பிறழ்ந்த பிராஃபைப் போதுமான அளவு அடக்குமுன்பே பக்கவிளைவுகள் வந்து நிற்கும்.

பிறகு வந்த வெமுராஃபெனிப், செயல்படும் பிராஃபில் ஏடிபி வந்து அமரும் குழிக்குள் பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டது. இதன் தொடக்ககாலச் சோதனைகளில் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. எர்க் சமிக்ஞை பாதியாகக் குறைந்தால் போதாது. 80 சதவீதத்துக்கு மேல் அடங்கினால்தான் கட்டி சுருங்கியது. மருந்தின் தயாரிப்பு முறையை மாற்றி, இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிய பிறகே பலன் தெரிந்தது.

2011-இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் 675 நோயாளிகள் இருந்தார்கள். அதுவரை வழக்கத்தில் இருந்த டகார்பசின் என்ற வேதிச்சிகிச்சை மருந்து 5 சதவீதத்தினருக்குக் கட்டியைச் சுருக்கியது. வெமுராஃபெனிப் 48 சதவீதத்தினருக்கு. ஆறு மாதத்தில் உயிருடன் இருந்தவர்கள் டகார்பசின் குழுவில் 64 சதவீதம், வெமுராஃபெனிப் குழுவில் 84 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல பத்தாண்டுகளாக மருந்துகளுக்குப் பெரிதாக அசையாத நோயில் இது மிகப் பெரிய மாற்றம். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே சோதனையில் நோய் மீண்டும் முன்னேறுவதற்கு எடுத்த இடைநிலைக் காலம் 5.3 மாதம்தான்.

## அடக்கவேண்டிய மருந்தே தூண்டும்போது

அந்தச் சோதனையில் வெமுராஃபெனிப் எடுத்தவர்களில் 18 சதவீதத்தினருக்குத் தோலின் செதிள்செல் புற்றோ, அதையொத்த கெரட்டோஅகாந்தோமாவோ வந்தது. இவை மெலனோமா பரவியதால் வந்தவையல்ல; தோலின் வேறு செல்களில் புதிதாகக் கிளம்பியவை.

இதற்கான விளக்கம் 2010-இலேயே மூன்று ஆய்வுக் குழுக்களிடமிருந்து வந்திருந்தது. பிராஃப் பிறழாத செல்லில் ராஸ் செயல்நிலையில் இருந்தால் ராஃப்கள் ஜோடி சேர்ந்திருக்கும். மருந்து ஜோடியில் ஒன்றின் குழிக்குள் போய் உட்காருகிறது. அதனால் வடிவம் மாறிய அந்த ராஃப், பக்கத்தில் இருக்கும் மற்ற ராஃபைச் செயல்நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அத்தோடு அந்த இரண்டாவது ராஃபின் குழிக்குள் மருந்து எளிதில் நுழைய முடியாதபடியும் ஆகிவிடுகிறது. விளைவு: எர்க் அடங்குவதற்குப் பதிலாக ஏறுகிறது.

அந்தப் புதிய தோல் கட்டிகளை ஆராய்ந்தபோது 60 சதவீதத்தில் ராஸ் பிறழ்வு இருந்தது. வெயிலால் பல ஆண்டுகளுக்கு முன்பே அப்படிப் பிறழ்ந்து, அமைதியாகக் கிடந்த செல்களை மருந்து தூண்டிவிட்டிருக்கிறது.

இந்தப் புரிதல் சிகிச்சையையே மாற்றியது. ராஃபுக்குக் கீழே இருக்கும் மெக்கையும் சேர்த்து அடைத்தால், மேலே எந்த ராஃப் தூண்டப்பட்டாலும் சமிக்ஞை எர்க்கை எட்டாது. பிராஃப் தடுப்பானான டப்ராஃபெனிபையும் மெக் தடுப்பானான டிராமெடினிபையும் சேர்த்துக் கொடுக்க 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு மருந்து கொடுத்தால் பக்கவிளைவு இரட்டிப்பாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே புதிய தோல் புற்றுகள் குறைந்தன. பதிலுக்குக் காய்ச்சல் தொல்லை கூடியது என்பதும் உண்மை. இலக்குச் சிகிச்சையின் வரலாற்றில், செல்லின் வேலைமுறையைப் புரிந்துகொண்டதால் நேரடியாகக் கிடைத்த நன்மைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் குறைவு.

## நோய் திரும்பும் வழிகள்

மருந்து தோற்பது என்றால், இலக்குப் புரதமே மாறி மருந்தை உள்ளே விடாமல் செய்துவிடும் என்று எதிர்பார்ப்போம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் இமாட்டினிபுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த மருந்தின் இலக்கான ஏபிஎல் கைனேஸின் 315-ஆவது இடம் மாறி மருந்துக்கு வழியை அடைத்தது. பிராஃபிலும் அதற்கு இணையான இடம் உண்டு. ஆனால் மருந்து தோற்ற நோயாளிகளின் கட்டிகளில் அந்த மாற்றம் வழக்கமான காரணமாக இருக்கவில்லை. மெலனோமா வேறு வழிகளைப் பிடித்தது.

முதலில் நடப்பதற்குப் புதிய பிறழ்வே தேவையில்லை. மருந்து எர்க்கை அடக்கியதும் பின்னூட்டப் புரதங்கள் வற்றுகின்றன. அடங்கிக் கிடந்த ராஸ் எழுகிறது. ராஃப் ஜோடிகள் உருவாகின்றன. இந்த மருந்துகள் தனித்த வி600ஈ-யை நன்றாக அடக்கும், ஜோடியை அடக்காது. எர்க் ஓரளவு மீண்டுவிடுகிறது. மெலனோமாவில் இந்த மீட்சி பொதுவாகச் சிறியது என்பதால் கட்டி உடனே திரும்பிவிடுவதில்லை. ஆனால் சில செல்கள் பிழைத்திருக்க அது போதும். பிழைத்த செல்களில் பிறகு நிரந்தர மாற்றங்கள் வருகின்றன:

1. என்-ராஸ் பிறழ்வு வந்து ராஃப் ஜோடிகளை நிரந்தரமாக்குகிறது. சிகிச்சைக்கு முன் அரிதாக இருந்த ‘பிராஃபும் ராஸும் சேர்ந்த’ நிலை, மருந்தின் அழுத்தத்தில் செல்லுக்கு லாபமாகிவிடுகிறது.

2. பிராஃப் மரபணு பல பிரதிகளாகப் பெருகுகிறது. இலக்கின் அளவு கூடும்போது அதே அளவு மருந்து போதாமல்போகும்.

3. பிராஃபின் ஆர்என்ஏ வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்டு, ராஸோடு இணையும் பகுதி இல்லாத குட்டைப் புரதம் உருவாகிறது. இது ராஸ் இல்லாமலேயே ஜோடி சேரும்.

4. காட் என்ற வேறொரு கைனேஸ் பெருகி, ராஃபைத் தாண்டி மெக்கை நேராக இயக்குகிறது.

5. மெக்கிலேயே பிறழ்வு வருகிறது.

6. பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா போன்ற ஏற்பிகள் செல் சவ்வில் அதிகரிக்கின்றன. இவை ஏகேடி தொடரையும் சேர்த்துத் தூண்டும்.

ஒரே நோயாளியின் இரண்டு கட்டிகளில் இரண்டு வெவ்வேறு வழிகள் இருப்பதும் உண்டு. ‘எந்த வழியில் தப்பியதோ அதை அடைக்கும் அடுத்த மருந்து’ என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தும், நடைமுறையில் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்தப் பட்டியலில் ஒன்று கண்ணில் படும். ஏறக்குறைய எல்லா வழிகளும் எர்க்கை மறுபடி இயக்குவதில்தான் முடிகின்றன. மெலனோமா செல் மருந்தைத் தாண்டிய பிறகும் அதே தொடரையே நம்பியிருக்கிறது. அப்படியானால் மருந்தைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. மருந்தோடு வாழப் பழகிய செல்லுக்கு, மருந்து நின்றதும் எர்க் அளவுமீறி ஏறித் தீங்காகும் என்பது கணக்கு. எலிகளில் இது பலித்தது. மனிதர்களில் முறைப்படி சோதித்தபோது கணக்கு தலைகீழானது. 2020-இல் வெளியான முடிவின்படி, தொடர்ந்து மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முன்னேற 9 மாதமும், விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு 5.5 மாதமும் ஆனது. பழைய எலி ஆய்வைப் படித்துவிட்டு மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை இடைநிறுத்துவது ஆபத்து.

## பெருங்குடலில் ஏன் வேலை செய்யவில்லை?

பெருங்குடல் புற்றுகளில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவானவற்றில் வி600ஈ இருக்கிறது. அதே பிறழ்வு, அதே புரதம். ஆனால் வெமுராஃபெனிபைத் தனியாகக் கொடுத்தால் கட்டி சுருங்குவது மிக அரிது.

காரணத்தை 2012-இல் கண்டுபிடித்தார்கள். பெருங்குடல் செல்லின் சவ்வில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி நிறைய உண்டு. மருந்து எர்க்கை அடக்கியதும் பின்னூட்டம் தளர்ந்து, இந்த ஏற்பி ராஸை உடனே எழுப்பிவிடுகிறது. மிதவை இறங்கியதும் திறக்கும் குழாய் இங்கே மிகப் பெரியது. நிறமிச் செல் வேறு மூலத்திலிருந்து வந்தது. அதில் ஈஜிஎஃப்ஆர் குறைவு. அதனால்தான் மெலனோமாவில் மருந்துக்கு அவகாசம் கிடைக்கிறது.

விடையும் இதிலிருந்தே வந்தது. பிராஃப் தடுப்பானான என்கோராஃபெனிபோடு, ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் செடுக்சிமாபையும் சேர்த்துக் கொடுக்க 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2022-இல் டப்ராஃபெனிப்–டிராமெடினிப் ஜோடிக்கு, வி600ஈ உள்ள பலவகைத் திடக் கட்டிகளுக்கும் பொதுவான அனுமதி கிடைத்தபோது பெருங்குடல் புற்று மட்டும் விலக்கப்பட்டிருந்தது.

## அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், ‘பிராஃப் பிறழ்வு உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது என்பது தெரியும். பிராஃப் பிறழ்வுகளை இப்போது மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வகுப்பு, வி600 இடத்தில் வருபவை. ஜோடி இல்லாமல் தனித்து இயங்கும். இப்போதுள்ள பிராஃப் தடுப்பான்கள் இவற்றுக்காகவே செய்யப்பட்டவை. வாலினுக்குப் பதில் லைசின் வரும் வி600கே-யும் இதில் சேரும்.

இரண்டாம் வகுப்பு, கே601ஈ, ஜி469ஏ போன்றவை. ராஸ் தேவையில்லை, ஆனால் ஜோடி சேர்ந்துதான் இயங்கும். வழக்கமான பிராஃப் தடுப்பானுக்கு இவை சரிவரப் பணிவதில்லை.

மூன்றாம் வகுப்பு, டி594 இடத்தில் வருபவை போன்றவை. இவற்றின் கைனேஸ் வேகம் இயல்பைவிடக் குறைவு, சிலவற்றில் சுத்தமாக இல்லை. செத்த கைனேஸ் எப்படிப் புற்றுக்கு உதவும்? அது ராஸோடு இறுகப் பிணைந்து, நல்ல சி-ராஃபோடு ஜோடி சேர்ந்து அதைத் தூண்டிவிடுகிறது. மருந்து ஜோடியில் ஒன்றை முடக்கும்போது மற்றது எழுந்ததே, அதே வேலையை இங்கே பிறழ்வே செய்கிறது. பெரும்பாலும் ராஸையோ என்எஃப்1-ஐயோ பாதிக்கும் இன்னொரு பிறழ்வும் கூடவே இருக்கும்.

வகுப்பு முதலாவதாகவே இருந்தாலும், மாத்திரைதான் முதல் சிகிச்சை என்று ஆகிவிடாது. டப்ராஃபெனிப்–டிராமெடினிப் பெற்ற 563 பேரை ஐந்தாண்டு தொடர்ந்ததில் 34 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். 19 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறவே இல்லை. பரவிய மெலனோமாவில் இது சிறிய சாதனையல்ல. ஆனால் எதை முதலில் கொடுப்பது என்று அமெரிக்காவில் நேருக்கு நேர் சோதித்தபோது, இபிலிமுமாப்–நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சையில் தொடங்கியவர்களில் இரண்டாண்டில் 71.8 சதவீதத்தினரும், மாத்திரையில் தொடங்கியவர்களில் 51.5 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தார்கள். அதனால் பல மருத்துவர்கள் இப்போது நோயெதிர்ப்புச் சிகிச்சையை முன்னால் வைக்கிறார்கள். நோய் மிக வேகமாகப் போகிறவர்களுக்கும், நோயெதிர்ப்புச் சிகிச்சை ஒத்துவராதவர்களுக்கும் சில வாரங்களில் பலன் தரும் மாத்திரைகளின் இடம் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் மெலனோமா அரிய நோய். வருகிற மெலனோமாக்களில் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாய், மூக்கு, ஆசனவாய்ச் சளிச்சவ்வு ஆகிய இடங்களின் பங்கு வெள்ளையர் நாடுகளைவிட அதிகம். இந்த வகைகளில் வி600ஈ குறைவு. கிட், என்-ராஸ், என்எஃப்1 மாற்றங்கள் வர வாய்ப்புண்டு. ஆகவே பிராஃப் ‘இல்லை’ என்று வந்ததோடு மரபணுச் சோதனையை நிறுத்திவிடாமல், மற்ற மரபணுக்களும் பார்க்கப்பட்டனவா என்று கேட்பது நல்லது. கிட்டில் குறிப்பிட்ட பிறழ்வுகள் இருந்தால் இமாட்டினிப் சிலருக்குப் பலன் தருகிறது.

என்ன சோதனை செய்தார்கள் என்பதையும் கேட்கவேண்டும். திசுவில் நிறமேற்றிப் பார்க்கும் விஈ1 என்ற எதிர்பொருள் சோதனை வி600ஈ-யை மட்டுமே காட்டும். வி600கே இருந்தால்கூட அதில் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். அப்படியொரு முடிவு வந்தால், அடுத்து மரபணு வரிசையிடும் சோதனையைச் செய்துபார்த்த பிறகே மாத்திரைக்கு வழியில்லை என்று முடிவுகட்ட வேண்டும்.